பட்டு வேட்டியோடு கார் பார்க்க வந்தவர்

எழுநூறு குதிரைவலு உள்ள என்னுடைய அமெரிக்கக் காரை விற்க விளம்பரம் போட்டிருந்தேன். சுவிஸில் அந்த மொடலைக் காண்பதே அரிது. ஒரு சனிக்கிழமை காலை, வின்டர்தூரிலிருந்து ஒருவர் பட்டு வேட்டி சால்வையோடு நான் இருக்கும் ஓல்டனுக்கு வந்து இறங்கினார்.

"வாகனம் வாங்கிறதெண்டால் நல்ல நேரம் பாக்கவேணும் அண்ணை" என்றார். நான் விசரன், நம்பினேன்.

"காரை நீங்களே ஓடுங்கோ, நான் பக்கத்தில இருந்து பாக்கிறன்" என்றார்.

அவர் காட்டிய வழியெல்லாம் ஓடினேன். கடைசியில் நிறுத்தச் சொன்னது ஒரு மண்டப வாசலில். அங்கே அவருடைய மகள் பெரியபிள்ளையானதற்கான சாமத்தியச் சடங்குக்கு அலங்காரத்தோடு நின்றாள், பக்கத்தில் கமராக்காரர்கள். என்னைக் கேட்காமலே பொனட்டில் மாலையைக் கட்டினார்கள். அந்தப் பிள்ளையின் முகத்துக்காக அவளை ஏற்றி மண்டபத்தைச் சுற்றி வந்தேன்.

முடிந்ததும் அந்த மனுசன், "விலை கொஞ்சம் கூட அண்ணை, யோசிச்சுச் சொல்லுறன். சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றார்.

மாலைக் கம்பி கீறிய கோடு இன்னும் பொனட்டில் இருக்கிறது. வீடியோவை ஊரே பார்த்துவிட்டது. அதில் கார் அவர்களுடையது, நான் ட்ரைவர்.

இப்போது கார் பார்க்க வருகிறோம் என்று யார் போன் எடுத்தாலும் ஒன்றுதான் சொல்கிறேன்: "ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வாங்கோ."