வாய் திறந்து முடிகிற பேர்

சிலாபத்துறைக் கடற்கரையில் நின்று, உலகத்து ஆண்பிள்ளைப் பேர்களை ஒவ்வொன்றாகக் கடலைப் பார்த்துக் கத்தியவன் நான். குடிவெறியில்லை, காய்ச்சலுமில்லை. கந்தோரில் கிளாக்கர் உத்தியோகம், தலையில் பாதி நரை, வீட்டில் ஒரு அலுமாரி நிறையப் புத்தகம். இத்தனையும் உள்ள மனுசன் முழுத் தெளிவோடு செய்த வேலை அது.

"மூசா!" என்று கத்தினேன். காற்றை எதிர்த்து நன்றாகவே போனது. "ஈசா! சாஷா! தாரோ! பாவ்லோ!"

திரும்பினால் கரை நிறையச் சனம். வள்ளக்காரச் சம்மாட்டியார் ஒருவர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"கிளாக்கர், எந்த வள்ளம் கவிண்டது? எத்தினை பேர் தாண்டது?"

"ஒருத்தரும் தாழேல்லை. பேர் பாக்கிறன், மகனுக்கு."

அவர் என்னைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். தலைப்பாகையைத் திரும்பக் கட்டினார். "எத்தினை மகன்மார் உங்களுக்கு?"

ஒருத்தன்தான். அவனுக்கு முந்திப் பிறந்த இரண்டையும் பறிகொடுத்துவிட்டோம். மூன்றாவது பிறந்து சில நாளில் கந்தோரிலிருந்து என்னை இங்கே முத்துக்குளிப்புக் காவலுக்கு என்று அனுப்பிவிட்டார்கள். முப்பத்தோராம் நாள் துடக்கு கழித்துப் பேர் வைக்கிறபோது வந்து நிற்பேன் என்று மனைவிக்குச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

என்னுடைய பேர் 'ம்' என்று வாய் மூடி, மூக்கில் முட்டி நின்றுவிடுகிற பேர். சின்ன வயதில் அம்மா கூப்பிட்டால் காற்றில் அரைவாசிதான் வந்து சேரும். கந்தோரில் துரை கூப்பிட்டால் கதவை அடித்துச் சாத்தினது போலிருக்கும். மகனுக்கு வாய் திறந்தபடி முடிகிற பேர் வேண்டும், கூப்பிடுகிறவனுக்கு மூச்சு இருக்கிறவரை அது நீள வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். முத்துக்குளிப்புக் காலத்தில் எங்கள் கரையில் முளைக்கிற பட்டணம் அதற்கு வசதியாக இருந்தது. அரபிக் குளிகாரர் மூசாவையும் ஈசாவையும் தந்தார்கள். சோற்றுக்கடை மலையாளி உண்ணி என்றான். சிங்களப் பொலிசுக்காரன் தன் தம்பியின் பேர் பண்டா என்றான். பாவ்லோ புத்தகத்தில் கிடைத்தது. ருசியாவும் யப்பானும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தபடியால் சாஷாவும் தாரோவும் பத்திரிகை வழியாக வந்து சேர்ந்தார்கள். "முத்து எண்டு வையுங்கோவன்" என்று எல்லோருமே சொன்னார்கள். அதுவும் வாய் திறந்துதான் முடிகிறது. ஆனால் காலடியில் கிடக்கிறதை எடுத்து வைப்பதென்றால் நான் படித்தது எதற்கு?

இந்த ஆராய்ச்சி நடந்த இடத்தின் மணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீமாட்டிகள் கழுத்தில் முத்தைப் பார்த்தவர்கள் யாரும் அதை எடுக்கிற விதத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். சிப்பியைக் குவித்து அழுகவிடுவார்கள். ஈ மொய்த்து, புழு தின்று, மிச்சம் சளி போல உருகினபின் அந்தச் சளிக்குள் கைவிட்டு அளைவார்கள். பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து காவல் பார்ப்பது என் உத்தியோகம். சோற்றில் ஈ, தேத்தண்ணியில் ஈ, வாய் திறந்து ஒரு பேரைச் சொல்லிப் பார்த்தால் அதற்குள்ளும் ஈ. முதலில் மூக்கில் துணி கட்டிப் பார்த்தேன். பிறகு மூக்கு தன் வேலையை விட்டுவிட்டது. அதை ஒரு வெற்றி என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் பாவ்லோதான் வென்றது. வேதக்காரப் பேர் என்று பங்குச் சுவாமியார் சந்தோசப்படுவார், பிள்ளையார் மன்னித்துவிடுவார் என்று கணக்குப் போட்டு, முப்பத்தோராம் நாள் காலையில் வள்ளத்தில் வந்து இறங்கி நேரே வீட்டுக்குப் போனேன்.

வீட்டுக்குள் யாருமில்லை. வளவின் பின்பக்கம் மனைவி குப்பைமேட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மேட்டின் உச்சியில் ஒரு சுளகு, சுளகில் என் மகன். அவனைச் சுற்றி மீன்குடல், கணவாய் ஓடு, சாம்பல், நேற்றைய பழஞ்சோறு. வேலியில் இரண்டு காகம். அவன் உதட்டில் ஒரு பச்சை ஈ வந்து உட்கார்ந்தது.

"என்ன அருவருப்பு இது! தூக்கு பிள்ளையை!"

"பொறுங்கோ" என்றாள், திரும்பாமலே. "ராத்தா வாறா."

மனைவி பெரியமடுப் பக்கத்து வயல்காரக் குடும்பம். பிள்ளை தங்காத வீட்டில், அடுத்த பிள்ளையை வேண்டாததென்று குப்பையில் போட வேண்டும். வேறொருத்தி பொறுக்கி எடுக்க, அவளிடம் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும். குப்பை என்றே பேரும் வைக்க வேண்டும். அப்போதுதான் எமன் அதைப் பொருட்படுத்த மாட்டானாம். பொறுக்குவதற்கு என்று அவள் பேசி வைத்திருந்தது, பக்கத்துத் தாராபுரத்திலிருந்து கருவாடு கொண்டுவருகிற முஸ்லிம் அக்காவை. அந்தத் தெருவே அவரை ராத்தா என்றுதான் கூப்பிடும்.

"நான் பேர் கொண்டு வந்திருக்கிறன். பாவ்லோ" என்றேன்.

அப்போதுதான் அவள் திரும்பினாள். "முந்தி ரெண்டுக்கும் நீங்கள்தானே புத்தகம் பாத்து வடிவான பேர் வைச்சனீங்கள். ரெண்டும் இப்ப எங்கை?"



கருவாட்டுக் கடகத்தை இடுப்பில் வைத்தபடி ராத்தா படலைக்குள் வந்தார். குப்பைமேட்டைப் பார்த்து, கூத்து மேடையில் நிற்பவர் போலக் குரலை உயர்த்தினார். "யா அல்லாஹ்! இது ஆர்ர புள்ளை குப்பையில கிடக்கு?"

அதற்குப் பதிலைத் தகப்பன்தான் சொல்ல வேண்டுமாம். ராத்தா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். "கேக்குறன் கிளாக்கர் ஐயா, உங்கட புள்ளையோ?"

பகுத்தறிவைப் பற்றி நான் எத்தனையோ பேருக்குப் பிரசங்கம் செய்தவன். ஈ அவன் கண்ணுக்கு ஏறியது. பொடியன் ஒரு காலை உதறினான்.

"இல்லை" என்றேன். "எங்கட இல்லை. அது... குப்பை."

கடற்கரையில் அத்தனை பேர்களைக் கத்திய வாயிலிருந்து அந்த ஒரு பேர் காதுக்குக் கேட்கிற அளவுக்குக்கூட வரவில்லை. ராத்தாவுக்குக் கேட்டது. அதுவே போதுமாம். பிள்ளையைச் சுளகோடு தூக்கி, நெஞ்சில் ஓதி ஊதி, மனைவி மடியில் வைத்திருந்த ஒரு கொத்து அளவு தவிட்டை வாங்கிக்கொண்டு, "வித்துப்போட்டன், இனிக் கேக்க மாட்டன்" என்று கொடுத்தார். மனைவி அவனை முகத்தோடு அணைத்துக்கொண்டு அழுதாள். அந்த மாதம் முழுக்க அவள் அழவேயில்லை என்று ராத்தா பிறகு சொன்னார்.

எனக்கு இனி என்ன மிச்சம்? தோற்ற கல்விமான் செய்வதைச் செய்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு ராத்தாவுக்கு விளக்கினேன்: யோசித்துப் பார்த்தால் குப்பை என்பதும் வாய் திறந்தபடிதான் முடிகிறது, நான் தேடினதும் அதைத்தான், ஆகவே ஒரு வகையில்... சொல்லிக்கொண்டே மனைவியிடமிருந்து மகனை வாங்கக் கையை நீட்டினேன்.

ராத்தா முக்காட்டை மூக்குக்கு மேல் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனார்.

"பேர் கிடக்கட்டும் கிளாக்கர் ஐயா. முதல்ல போய்க் குளிச்சிட்டு வந்து புள்ளையைத் தொடுங்கோ. அந்தக் குப்பையிலகூட இந்த நாத்தம் இல்லை."