விமான இறக்கை தைத்த சந்தனமேரி

சந்தனமேரி ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிழக்கே, ஊர் தன் கண்ணில் படாமல் ஒதுக்கி வைத்திருந்த தெருவில் பிறந்தவர். சாதிக் கொடுமை தாளாமல் தகப்பனார் கிறிஸ்தவரானார். பெயர் மாறியது, தெரு மாறவில்லை. மாதா கோயிலுக்குள்ளும் நடுவே ஒரு கம்பித் தடுப்பு வைத்து, இவர்களைத் தனியே உட்கார வைத்தார்கள். கன்னியர் மடத்தில் கற்ற தையல்தான் அவருக்குக் கிடைத்த ஒரே மோட்சம்.

1937 ஐப்பசியில், ராஜபாளையத்தில் பருத்திக்கொட்டை பிரிக்கும் ஜின்னிங் பாக்டரி வைத்திருந்த ராஜரத்தினம் சென்னையில் பழைய சிறு விமானம் ஒன்றை வாங்கி, ரயிலில் கொண்டுவந்து பஞ்சுக் கிட்டங்கியில் நிறுத்தினார். அதன் இறக்கையில் தகரம் கிடையாது. மரச்சட்டமும் மேலே போர்த்திய துணியும்தான். துணி மக்கியிருந்தது. புதுத்துணி தைத்து மூடச் சந்தனமேரியை அழைத்தார். சட்டங்களைச் செப்பனிட்டவர் இருதயம் மேஸ்திரி. அவரும் அதே மாதா கோயிலுக்குப் போகிறவர்தான். தடுப்புக்கு அந்தப் பக்கம்.

இறக்கையைச் செங்குத்தாக நிறுத்தி, இருபுறமும் இருவர் நின்று தைக்க வேண்டும். நீள ஊசியை ஒருவர் குத்தி அனுப்ப, அடுத்தவர் வாங்கிச் சட்டத்தைச் சுற்றித் திருப்பி அனுப்புவார். இருதயம் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் வைத்துக்கொண்டார். ஊசிமுனை தம் பக்கம் தலைநீட்டியதும் தண்ணீர் தெளித்துவிட்டே அதைத் தொட்டார். எல்லாரும் பார்த்தார்கள். யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

தைத்த கையோடு டோப் பூசினார்கள். துணியை மேளத் தோல்போல இறுக்கும் பூச்சு அது. ஈரம் பட்டால் வெளுத்துவிடும். மறுநாள் காலையில் பார்த்தால், இறக்கையில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு.

“நான் அப்பமே சொன்னேன் மொதலாளி. இவ கைபட்டது எது வெளங்கியிருக்கு? வேற ஆளப் பாருங்க,” என்றார் இருதயம்.

இந்தப் பெயரோடு வெளியேறினால் இனி யாரும் சந்தனமேரியிடம் துணி தர மாட்டார்கள். அவர் அழவில்லை.

“இறக்கையத் திருப்புங்க மொதலாளி.”

திருப்பினார்கள். அவர் நின்று தைத்த பக்கத்தில் ஒரு திட்டுகூட இல்லை.

“என் கைத் தீட்டு, என் பக்கத்த விட்டுட்டு அவரு பக்கம் மட்டும் எப்படிப் போச்சு? இது தீட்டு இல்ல மொதலாளி. செம்புத்தண்ணி.”

ராஜரத்தினம் திட்டுகளைத் தடவிப் பார்த்தார். துணியைப் பிரிக்கச் சொன்னார். பிறகு சமாதானம் பேசினார்: “சரி மேரி, தண்ணி வேண்டாம். அவரு குறடால ஊசியப் புடிச்சு இழுக்கட்டும். ஒனக்கும் கொறையில்ல, அவருக்கும் மனசு கோணாது.”

இந்த நாட்டில் நியாயம் கேட்டவர் கையில் கடைசியில் இப்படி ஒரு குறடைத்தான் கொடுக்கிறார்கள்.

“குறடு வேண்டாம். கையால வாங்கட்டும். இல்லன்னா நான் போறேன், நீங்க கோயில்ல தடுப்பு வச்ச சாமியார வச்சுத் தச்சுக்கிடுங்க.”

“ஏட்டி, எம்புட்டுத் திமிரு ஒனக்கு!” என்றார் இருதயம்.

“அந்தத் திமிருலதான் மேஸ்திரி என் தையல் கோணாமப் போவுது.”

ராஜரத்தினம் சிரித்துவிட்டார். “என்ன மேஸ்திரி, கையால வாங்குதீரா, நான் வேற மேஸ்திரியப் பாக்கட்டுமா?”

இருதயம் இறக்கையின் மறுபக்கம் போய் நின்றார்.

புதுத்துணி போர்த்தியதும் சந்தனமேரி உலர்ந்த ஊசியைக் குத்தினார். மறுபக்கம் அசைவில்லை. எட்டிப் பார்த்தார். இருதயம் கையை நீட்டியபடி, முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

“கண்ணத் தொறந்து வாங்கும் மேஸ்திரி. கையில குத்திச்சுன்னா அதுக்கும் என்னையத்தான் சொல்லுவீரு.”

அவர் கண்ணைத் திறந்து ஊசியைப் பிடித்தார். சட்டத்தைச் சுற்றித் திருப்பி அனுப்பினார். நூல் தளர்ந்து வந்தது.

“இழுத்துப் புடியும். தொளதொளன்னு இருக்கு.”

இருதயம் இழுத்துப் பிடித்தார்.