எந்த அபு கலீல்?

உம்மு கலீல், அதாவது கலீலின் அம்மா, எனக்கு மேல் மாடியில் குடியிருக்கிறாள். அவள் துவைத்துக் காயப்போடும் போர்வைத் தண்ணீர் முழுவதும் என் பால்கனியில்தான் சொட்டும். கேட்டால், "தண்ணிதானே அஃபாஃப், எண்ணெயா ஊத்துறேன்?" என்பாள். வருஷக் கணக்காக இதே சண்டைதான். சண்டை முற்றும்போது முட்டைக்கோஸ் இலையில் அரிசி அடைத்து வேகவைத்த தட்டு ஒன்று மேலிருந்து இறங்கி வரும், நானும் வாயை மூடிக்கொள்வேன். நல்ல மனுஷி. அதை அவள் முகத்துக்கு நேரே நான் சொன்னதில்லை. சொன்னால் இன்னும் இரண்டு போர்வை சேர்த்துத் துவைப்பாள்.

அவள் பிறந்தது தந்தா என்ற ஊரில். ஷஃபீக்கைக் கட்டிக்கொண்டு கெய்ரோவுக்கு, எங்கள் ஷுப்ராவுக்கு வந்தாள். ஷஃபீக் டிராமில் டிக்கெட் கிழிப்பவர். சாயங்காலங்களில் கல்யாண வீடுகளில் அக்கார்டியன் வாசிப்பார். கல்யாண வீட்டுக் காசு எப்போது வரும், எப்போது வராது என்று யாருக்கும் தெரியாததால் இவள் ஊறுகாய் போட்டுக் கடைகளுக்குக் கொடுத்தாள். எங்கள் மாடிப்படியில் ஏறினாலே பூண்டும் வினிகரும் மூக்கைத் துளைக்கும். வாடகைக்கு வந்து பார்ப்பவர்கள் பாதிப் படியிலேயே திரும்பிப் போவார்கள். எங்களுக்குப் பழகிவிட்டது.

ஷஃபீக்கைப் பிடிக்காதவர் இந்தத் தெருவில் கிடையாது. அவரை நம்பியவரும் கிடையாது. ஓடுகிற டிராமிலிருந்து குதித்து ஒரு மந்திரியின் தொப்பியைக் காப்பாற்றினேன் என்பார். அடுத்த மாதம் அதே தொப்பி மந்திரியின் மனைவியுடையதாகிவிடும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். காப்பி ஆறும்வரை கேட்டுவிட்டுப் போவோம்.

அந்தக் காலத்தில் டிவியில் படம் அறுந்துபோனால் ஒரு ரோஜாப்பூ ஜாடியைக் காட்டுவார்கள். பின்னால் அக்கார்டியன் ஒன்று கேட்கும். படம் அடிக்கடி அறுந்ததால் நாட்டில் எல்லோருக்கும் அந்த மெட்டு மனப்பாடம். குழந்தைகள் அதற்கு ஆடுவார்கள். அது வந்தவுடனே ஷஃபீக் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "இது நான் வாசிச்சது" என்பார்.

"ஆமாமா, பிரமிடுக்குக் கொத்து வேலை பார்த்ததும் நீதானே" என்பார் என் அப்பா.

கட்டடமே சிரிக்கும். எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பவள் உம்மு கலீல்தான். ஷஃபீக்கும் கூடச் சேர்ந்து சிரிப்பார். எப்போது, எங்கே வாசித்தார் என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடம் சொல்வார். யார் நம்புவார்கள்? அவர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. அந்த மெட்டும் டிவியிலிருந்து எப்போதோ போய்விட்டது.

போன குளிர்காலத்தில் ஒரு தனியார் சேனலில் புது நிகழ்ச்சி ஆரம்பித்தார்கள். பழைய சத்தங்களின் சொந்தக்காரர்களைத் தேடிப் பிடிக்கிற நிகழ்ச்சி. அதை நடத்துகிறவர் மஜ்தி என்ற ஒல்லியான மனிதர். அன்று நானும் உம்மு கலீலும் திராட்சை இலை சுருட்டிக்கொண்டிருந்தோம். திரையில் ரோஜா ஜாடி வந்தது. "இதை வாசித்தவர் யார் என்று எங்கேயும் குறிப்பு இல்லை. ஆனால் ஒலிநாடா முழுசாகக் கிடைத்திருக்கிறது. அந்த நாளில் நடுப்பகுதியை மட்டும்தான் போட்டிருக்கிறார்கள். முடிவு வரை கேளுங்கள்" என்றார் மஜ்தி. கேட்டோம். அக்கார்டியன் ஏறி, இறங்கி, நின்றது. உடனே ஓர் ஆண்குரல் சந்தோஷம் தாங்காமல் கத்தியது: "அல்லாஹ்! அல்லாஹ், யா அபு கலீல்!"

உம்மு கலீல் கையிலிருந்த இலை சட்டிக்குள் விழுந்தது.

"அஃபாஃப், கேட்டியா? கலீலோட அப்பான்னு கூப்பிடுறான்! அந்த மனுஷன் பொய் சொல்லலடீ!"

எனக்கும் ஒரு நிமிஷம் புல்லரித்தது. ஆனால் நான் இந்த ஊரில் பிறந்தவள். இங்கே ஹசன் என்று ஒருவன் இருந்தால் அவன் பெயர் அபு அலி. கல்யாணமே ஆகாதவனாக இருந்தாலும் அபு அலிதான். அதேபோல இப்ராஹீம் என்றால் அபு கலீல். பெண்களைத்தான் நிஜமாகவே பிள்ளை பெயரை வைத்துக் கூப்பிடுவோம். ஆம்பளைக்குப் பெயரோடு ஒட்டிப் பிறந்த பட்டம் அது, பிள்ளைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. டிவியில் மஜ்தியும் அதைத்தான் சொன்னார்: "ஆக, நம் கலைஞர் பெயர் இப்ராஹீம். எங்கே இருக்கிறீர்கள், இப்ராஹீம்?"

மருந்துக்கடை வைத்திருக்கும் அவள் மகன் கலீல் இரவுச் சாப்பாட்டுக்கு வந்ததும் வீட்டில் போர் ஆரம்பித்தது.

"அம்மா, அபு கலீல்னா இப்ராஹீம். தெருவுல போற நாய்க்குக்கூடத் தெரியும்."

"அப்ப நீ யாருடா? உன் பேரு என்ன?"

"கலீல்."

"உங்கப்பன் யாரு?"

"அப்பா பேரு ஷஃபீக் அம்மா, இப்ராஹீம் இல்ல. அவர யாராவது அபு கலீல்னு கூப்பிட்டுக் கேட்டிருக்கியா? எல்லாருமே ஷஃபீக்னுதானே கூப்பிடுவாங்க!"

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அடுத்த வாரம் முழுவதும் போர்வை துவைக்கவில்லை. என் பால்கனி காய்ந்து கிடந்தது, எனக்கே பொறுக்கவில்லை. நானே அவளை இழுத்துக்கொண்டு சேனலுக்குப் புறப்பட்டேன். அம்மாவைத் தனியாக விட்டால் அங்கே யாரையாவது அடித்துவிடுவாள் என்று பயந்து கலீலும் கடையைச் சாத்திவிட்டு வந்தான்.

டாக்சியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாழ்ந்த காலம் பூரா அந்த மனுஷன் சொன்னதுக்கெல்லாம் சிரிச்சேன் அஃபாஃப். ஊரே சிரிக்கும்போது நான் ஒருத்தியாவது நம்பியிருக்கலாம். இது ஒண்ணாவது நிஜமான்னு எனக்குத் தெரியணும். இல்லைன்னா இல்லைன்னு தெரியணும்."

சேனலின் கூடத்தில் உட்கார இடமில்லை. கெய்ரோவில் அக்கார்டியனைத் தொட்ட இப்ராஹீம்கள் எல்லோரும் பெட்டியோடு வந்திருந்தார்கள். ஒருவர் பெட்டியைக்கூட மறந்துவிட்டு, பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். கிஸாவிலிருந்து வந்த கனத்த இப்ராஹீம் ஒருவர் நகர்ந்து எங்களுக்கு இடம் கொடுத்தார்.

"நீங்க எந்த இப்ராஹீமுக்காக வந்திருக்கீங்க, ஹாஜ்ஜா?"

"ஷஃபீக்குக்காக."

"ஷஃபீக்கா?" கூடமே சிரித்தது. "அப்ப தப்பான வரிசையில நிக்கிறீங்க."

"நீ வாசிச்சியா அதை?"

"அம்மா, சின்ன வயசுல எத்தனையோ வாசிச்சேன். இதுவும் நான் வாசிச்சதா இருக்கலாம். கேக்கும்போது என்னோடது மாதிரிதான் இருக்கு."

"என் ஊறுகாயைத் தின்னு பாரு, உங்கம்மா போட்டது மாதிரிதான் இருக்கும். அதுக்காக நான் உனக்கு அம்மாவா?"

இந்தத் தடவை கூடம் அந்த மனிதரைப் பார்த்துச் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, பையிலிருந்த வறுத்த பரங்கி விதையை எங்களுக்கு நீட்டினார். சண்டை போடவே முடியாத ஆள்.

மஜ்தி பொறுமையானவர்தான். எங்கள் முறை வருவதற்குள் அத்தனை இப்ராஹீம்களின் கதையையும் கேட்டு அவர் கண் சொருகிப்போயிருந்தது. உம்மு கலீலுக்காக ஒலிநாடாவை ஆரம்பத்திலிருந்து போட்டார். அக்கார்டியனுக்கு முன்னால் ணங், ணங் என்று ஓர் உலோகச் சத்தம் கேட்டது.

"இது ஏதோ ஸ்டூடியோ மணின்னு நினைக்கிறோம்" என்றார்.

"மணியாவது ஒண்ணாவது! பித்தளை உரல் அது. என் மாமியார் இடிக்கிறா. புள்ளை பொறந்த ஏழாம் நாளு!" உம்மு கலீல் எழுந்தே நின்றுவிட்டாள்.

ஏழாம் நாள் என்றதும் எனக்கும் பிடிபட்டது. பிள்ளை எந்தச் சத்தத்துக்கும் பயப்படாமல் வளரட்டும் என்று அதன் காதருகே உரல் இடிக்காத வீடு எது? பிறகு மெழுகுவர்த்தி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்து ஏற்றுவோம். கடைசிவரை எரிகிற திரியின் பெயர்தான் பிள்ளைக்கு.

"மாமியாருக்கு அவ புருஷன் பேரு, அப்துத் தவ்வாப்னு வைக்கணும். ஷஃபீக்குக்குக் கலீல்னு வைக்கணும். அந்த மனுஷன் கலீலுக்குக் கொஞ்சம் தடியான மெழுகுவர்த்தியா வாங்கிட்டு வந்துட்டாரு, கள்ளன்! அது எரிஞ்சு முடியுற வரைக்கும் வாசிச்சுட்டு உக்காந்திருந்தாரு. கூட்டாளி ஒருத்தன் சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்டி கொண்டு வந்திருந்தான், டிவியில வேலை பாக்குறவன். ரேடியோன்னு நினைச்சேன், சத்தம் பிடிக்கிற பெட்டின்னு இப்பத்தான் புரியுது. மத்த திரியெல்லாம் அணைஞ்சதும் அவன்தான் கத்தியிருக்கணும். அன்னைக்குத்தான்யா அவரு அபு கலீல் ஆனாரு. அதுவரைக்கும் எந்தக் கலீலும் இல்ல!"

மஜ்தி நாடியைத் தடவினார். "கதை நல்லா இருக்கும்மா. சத்தியமா, இன்னைக்குக் கேட்டதுலயே நல்ல கதை இதுதான். ஆனா ஷஃபீக்னு ஒரு பேரு இதுல எங்கயுமே இல்லையே."

"கத்தினதுக்கு அப்புறம் என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. திரும்ப மெட்டு கொஞ்சம் ஆரம்பிக்குது, அதுக்குள்ள யாரோ ஒரு பொம்பளை சத்தம் போடுறா. என்ன சொல்றான்னு யாரும் கவனிக்கல. ஒளிபரப்புக்கு வேண்டாம்னு வெட்டிட்டோம்."

"போடு அதை."

போட்டார். "யா அபு கலீல்!" என்ற கத்தல். ஒரே கைதட்டல், குலவை. மெட்டு மறுபடியும் துள்ளிக்கொண்டு கிளம்பியது. நாலு சுரம்கூடப் போயிருக்காது, உள்ளறையிலிருந்து சுவரைப் பிளந்துகொண்டு ஒரு குரல் வந்தது:

"யா ஷஃபீக்! புள்ளை இப்பத்தான் கண்ணை மூடுச்சு! அந்தப் பெட்டியை மூடுறியா, நான் வந்து உன் தலையில மூடட்டுமா?"

மஜ்தி ஒலிநாடாவைப் பார்த்தார், உம்மு கலீலைப் பார்த்தார். வயது ஏறியிருந்ததே தவிர, குரல் அதே குரல். கதவருகில் நின்ற கிஸா இப்ராஹீம் தொப்பியைக் கழற்றி, "என் பங்கை விட்டுட்டேன்" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

நாடா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அக்கார்டியன் பெருமூச்சு விட்டபடி மூடிக்கொள்ளும் சத்தம். பிறகு, மிக அருகில், சிரிப்பை அடக்கிக்கொண்டு ஷஃபீக்கின் குரல்:

"உத்தரவு, உம்மு கலீல்."

அந்தப் பெயரில் அவளை உலகம் முதன்முதலில் கூப்பிட்டது அப்போதுதான். அதற்கு முன்னால் அவள் வெறும் கரீமா. எத்தனை வருஷமாக நாங்கள் எல்லோரும் படிக்கட்டில் நின்று அந்தப் பெயரைக் கத்தியிருக்கிறோம்!

அவள் முகத்தைத் துடைக்கவில்லை. பக்கத்தில் வழுக்கைத் தலையோடு நின்ற மகனின் கையைப் பிடித்து இழுத்து, ஒலிப்பெட்டிக்கு முன்னால் நிறுத்தினாள்.

"வாசி, ஷஃபீக்" என்றாள் அந்தப் பெட்டியிடம். "புள்ளை முழிச்சுக்கிட்டான். இப்ப எவ்வளவு வேணும்னாலும் வாசி."

மஜ்தி நாடாவை மறுபடியும் ஆரம்பத்துக்குச் சுற்றினார்.