வெளக்குக்காரியோட பெறவிக்கொணம்

மொத நாளே தலகீழாச் சொருகுனேன்

அருப்புக்கோட்டையில வீடியோ கேம் கடையில வேலைக்குச் சேரையில எனக்கு நாப்பது வயசு தாண்டிருச்சு. எழுத்து ஒண்ணு தெரியாது, கைநாட்டுத்தான். தொண்ணூத்தஞ்சு, தொண்ணூத்தாறு வாக்குல இருக்கும். புதுசா வேலைக்குப் போற பிள்ளைகளுக்கு ஆகட்டும்னு நாஞ் சொல்லச் சொல்ல மருமக எழுதுறா. நடுவுல கோழி, பருத்தின்னு எங்கயாச்சும் போயிருவேன், பொறுத்துக்கங்க.

மொதலாளி பேரு பால்ச்சாமி. முந்தி சைக்கிள் கடை வச்சிருந்தாக. சைக்கிள வித்துட்டு அதே எடத்துல நாலு டிவிப் பொட்டியும் நாலு கேம் மெஷினும் போட்டாக. கடை பூராம் இளவட்டங்களா வரும், ஒரு பொம்பள இருந்தா கெட்ட வார்த்த பேச மாட்டாங்கன்னுதான் என்னையக் கூப்பிட்டது. அது சரியாத்தான் இருந்துச்சு. ஒருத்தன் வாயத் தொறந்தான், "ஏலே, ஒங்காத்தா எந்த ஊரு?"ன்னு கேட்டேன். அதுக்குப் பெறகு ஒருத்தனும் தொறக்கல.

என் வேலை என்னன்னா, மணி பாத்து ஆள எந்திரிக்கச் சொல்றது, மெஷினு சூடானா நிப்பாட்டுறது, கேசட்டு மாத்துறது. பாட்டுக் கேசட்டு இல்ல இது. உள்ளங்கை அகலத்துல கட்டியா இருக்கும், மெஷினு மண்டையில சொருகணும். படம் வரலேன்னா உருவி வாயால ஊதிட்டுச் சொருகணும். மொத நாளு நான் தலகீழாச் சொருகிட்டு, ஊதுறேன் ஊதுறேன், அடுப்பு ஊதுன மாதிரி. மொதலாளி பாத்துட்டு, "லூர்தம்மா, ஒல கொதிச்சிருச்சா?"ன்னாக.

கேசட்டு மேல இருக்க எழுத்து எனக்குத் தெரியாதுல்ல. மஞ்சக் கேசட்டு காரு, செவப்பு துப்பாக்கி, பச்ச பந்துன்னு நிறத்த வச்சுப் பழகிக்கிட்டேன். கருப்புக் கேசட்டுத்தான் பெரிய ஆட்டம். அதுல வர்ற எழுத்து பூராம் சப்பானோ சீனாவோ, காலேசுல படிச்சவனும் முழிப்பான். அந்தக் கேசட்டு ஓடுறப்ப கடையில எல்லாரும் கைநாட்டுத்தான். எனக்கு அதுல ஒரு சந்தோசம்னு வையிங்க.

கொணம் வேற, லெவலு வேற

கருப்புக் கேசட்டப் போட்டா மொதல்ல ஆறு மொகம் வரும். வாளுக்காரன், கரடி மாதிரி ஒரு தடியன், கம்பு ஊனுன கெழவன், திருடன், வில்லு வச்சவ, கடைசியா ஒல்லியா ஒருத்தி, கையில ஒரு வெளக்கு. ஒருத்தர எடுத்துக்கிட்டு காடு, மலை, கோட்டைன்னு பேயி பிசாசு எல்லாத்தையும் அடிச்சுக்கிட்டே போகணும். கடைசிக் கோட்டையில பத்துத் தலை மிருகம் ஒண்ணு கெடக்காம். அத இந்தத் தெருவுல ஒருத்தரும் கண்ணால பாத்ததில்ல.

மொகத்துக்குப் பக்கத்துல ஒரு நம்பரு இருக்கும், அது லெவலு. அடிச்சு அடிச்சு ஏறும். நம்பருக்குக் கீழ ஒரு சின்னப் படம். தீ, கல்லு, தண்ணி, காத்து, எல இப்பிடி. லெவலு எவ்வளவு ஏறுனாலும் அந்தப் படம் மாறாது. இத எனக்குக் காட்டுனது சவரிமுத்து. எங்க ஊரு எம்.ரெட்டியபட்டிப் பக்கத்து ஆளு, முப்பது வயசு இருக்கும், பன்னெண்டு வருசமா பவர்லூம் தறி ஓட்டுறவரு. ஞாயித்துக்கெழம மாதா கோயில் பூசை முடிஞ்சதும் நேரா கடைக்கு வந்துருவாரு. "அக்கா, நம்பரு சம்பாதிக்கிறது. படம் பொறக்கையிலேயே உசுரோட வாரது"ன்னாரு.

நான் அன்னையில இருந்து அந்தப் படத்தத்தான் பாத்தேன். வேலை இல்லாத நேரம் வேற என்ன செய்ய. பாத்துப் பாத்து ஒவ்வொண்ணா பிடிபட்டுச்சு. கல்லுப் படம் போட்ட தடியன எவ்வளவு அடிச்சாலும் பின்னால நகர மாட்டான். தண்ணிப் படம் போட்ட கெழவன் சும்மா நின்னாப் போதும், அவனுக்கு உசுரு தானா ஊறும். தீக்காரனுக்கு மூணு அடி வாங்குனாத்தான் கோபம் வரும். எங்க வீட்டுக் கோழியும் அப்பிடித்தான. ஒரே குஞ்சுப் பொரிப்புல ஒண்ணு அடையில ஒக்காந்தா எந்திரிக்காது, ஒண்ணு முட்டையிட்ட கையோட தெருவுக்கு ஓடும். ஒரே தீனி, ஒரே கூண்டு. அது நம்ம குடுத்ததா?

வெளக்குக்காரி பக்கத்துல மட்டும் அரை நெலா. அது என்ன கொணம்னு ஒருத்தருக்கும் தெரியல. பவரும் ஒரே ஒரு கட்டம். மொதலாளி, "கொணமே இல்லாதவ. சும்மா எண்ணிக்கைக்குப் போட்டிருக்கான்"ன்னு சொல்லிருவாக. அவுகளுக்கு வாளுக்காரன்தான் ஆளு, அஞ்சு கட்டம் நெறஞ்ச பவரு.

சவரிமுத்து அவளத்தான் எடுப்பாரு. ஏன் தம்பின்னு கேட்டதுக்கு, "யாரும் எடுக்கலையேக்கா"ன்னாரு. லேசா ஒரு அடி பட்டாலும் ஒடனே மருந்துப் புட்டியக் குடுத்துருவாரு, அம்புட்டுப் பதனம். அப்பிடியே ஒரு வருசமா அவள நாப்பத்தி மூணு லெவலுக்குக் கொண்டு வந்துட்டாரு. விட்ட எடத்துல இருந்து ஆடுறதுக்கு அந்தக் கேசட்டுக்குள்ள ஞாபகம் இருக்கும், சேவ்னு சொல்வாக. கடைசிக் கோட்டைக்கு ரெண்டே ஸ்டேஜுதான் பாக்கி.

அப்பத்தான் அவரு வேலை பாத்த தறி செட்ட மூடிட்டாக. திருப்பூருக்கு ஒரு ஆளு கூட்டிட்டுப் போறாருன்னு, ஆயுத பூசை முடிஞ்சு பத்தாம் நாளு திங்கக்கெழம பஸ்ஸு. "போறதுக்குள்ள அந்த மிருகத்தப் பாத்துறணும்க்கா"ன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல. தங்கச்சி கல்யாணம், ஆத்தாளுக்குக் கண்ணு ஆப்பரேசன்னு எத்தனையோ இருந்துச்சு அவருக்கு. அதெல்லாம் வீட்டுக்குச் செய்யிறது. இது ஒண்ணுதான் அவருக்குன்னு வச்சிருந்தாரு.

கேசட்டக் குளிப்பாட்டுனது

ஆயுத பூசைக்கு மொத நாளு மொதலாளி, "எல்லாத்தையும் சுத்தமாக் கழுவி, சந்தனம் குங்குமம் வச்சிரும்மா"ன்னுட்டு, பொரி கடலை வாங்கப் போயிட்டாக. சைக்கிள் கடை வச்சிருந்தவுகல்ல, செயின்ல இருந்து ஸ்பேனர் வரைக்கும் கழுவித்தான் பழக்கம். நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போறவ. எங்க வீட்டுல ஆயுத பூசை கெடையாது. அவுக சாமி காரியத்துல ஒரு கொற வந்துறக் கூடாதேன்னு எனக்கு ஒரே பயம். கோயில் திருநாளுக்கு மெழுகுவத்தித் தாங்கியப் புளி போட்டு வெளக்குவம்ல, அந்த நெனப்புல கேசட்ட எல்லாம் வாளித் தண்ணியில முக்கி, சோப்புப் போட்டு, தேங்கா நாரால ஓட்டைக்குள்ளயும் விட்டுத் தேச்சுட்டேன். பெறகு வெயில்ல வரிசையாக் காய வச்சு, ஒவ்வொண்ணுக்கும் பொட்டு. பாக்கப் பொண்ணு மாதிரி இருந்துச்சு எல்லாம்.

பூசை முடிஞ்சு போட்டுப் பாத்தா, ஆட்டமெல்லாம் ஓடுது. கருப்புக் கேசட்டும் ஓடுது. ஆனா வெளக்குக்காரி பக்கத்துல லெவலு ஒண்ணு.

மொதலாளி தலையில அடிச்சுக்கிட்டாக. அவுக சொன்னதத்தான் நான் செஞ்சேன்னு அவுகளுக்கும் தெரியும், அதனால வைய முடியல. "கரண்டு கூடக் கொறய வந்து அழிஞ்சு போச்சுன்னு சொல்லிருவம். நீ ஒண்ணும் வாயத் தொறக்காத"ன்னாக. சரின்னுதான் தலையாட்டுனேன். ஆனா சவரிமுத்து சட்டைய மடிச்சு விட்டுக்கிட்டுச் சிரிச்ச மொகமா வந்து ஒக்காந்தாரு பாருங்க, என்னால முடியல.

"தம்பி, நாந்தான் தண்ணியில போட்டுக் கழுவுனேன். எல்லாம் போச்சு"ன்னேன்.

அவரு டிவியவே பாத்துக்கிட்டு இருந்தாரு. வைவாருன்னு நின்னேன், வையல. எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. வஞ்சிருந்தாத் தேவலன்னு இருந்துச்சு.

மறுநா மத்தியானம் வந்தாரு. "ஒம்போது நாளு இருக்குக்கா, போடுங்க"ன்னாரு. மொதலாளி, "மணி பாக்காத, எம்புட்டு நேரம்னாலும் ஒக்காரட்டும்"ன்னு எங்கிட்ட மெதுவாச் சொல்லிட்டுப் போனாக. ஒரு வருச லெவலு ஒம்போது நாள்ல ஏறுமா? ஏறாதுன்னு மூணு பேருக்குமே தெரியும்.

மொத மூணு நாளும் அதே பதனம், அதே மருந்து, ஆறு லெவலத் தாண்டல. நாலாம் நாளு காட்டுல ஒரு ஓநாய்க் கூட்டம் வளைச்சிருச்சு, கையில மருந்து தீந்து போச்சு. வெளக்குக்காரிக்கு உசுரு செவப்புக் கோட்டுல நிக்கிது. அவரு பட்டன விட்டுட்டாரு, "முடிஞ்சதுக்கா"ன்னு. நான் அரை நெலாவையே பாத்துக்கிட்டு இருந்தவ. அது முழு நெலாவா மாறிருச்சு.

"தம்பி, அடி"ன்னேன்.

அடிச்சாரு. ஒரே அடி. ஓநாய் பூராம் போச்சு.

எனக்கு அப்பப் பருத்திதான் ஞாபகம் வந்துச்சு. எங்க கரிசக்காட்டுல பருத்திக்கு ஓயாம மழை பேஞ்சா எல எலயாத்தான் போகும், காயப் பாக்க முடியாது. காஞ்சாத்தான் வெடிக்கும். இவளுக்கு ஒரு வருசமா மருந்த ஊத்தி ஊத்தி எலயா வளத்து வச்சிருந்திருக்கோம். உசுரு கொறையிறப்ப வர்ற பவரு அவ பெறவிக்கொணம். அந்த நெலம வர ஒரு தடவ கூட விட்டதில்ல இந்த மனுசன், பாசத்துல.

பெறகு ஆட்டமே வேற. அடி வாங்க விட்டு, செவப்புக் கோட்டுல நிப்பாட்டிக்கிட்டே போகணும். அதுக்கு மேல ஒரு அடி பட்டாலும் போச்சு, ஸ்டேஜு மொதல்ல இருந்து. எத்தன தடவ போச்சுன்னு எண்ணல. அவருக்கு வேர்த்துக் கொட்டும், நான் முந்தானையால விசிறிக்கிட்டு, "நெலா நெறஞ்சிருச்சு, இப்ப"ன்னு சொல்லுவேன். தறி ஓட்டுன கண்ணு, இழை அறுந்து போறதுக்கு முந்தியே தெரியும்ல அவருக்கு, கையும் அதே மாதிரி நிதானம்.

ஞாயித்துக்கெழம சாயங்காலம் கடைசிக் கோட்டை. பத்துத் தலையும் நெசந்தான், ஒண்ணு கொறையல. மொதலாளி கல்லாவ விட்டு எந்திரிச்சு வந்து நின்னாக. வெளக்குக்காரிக்கு உசுரு நூலு மாதிரி. கையில ஒரே ஒரு மருந்துப் புட்டி மிச்சம். மொதலாளிக்குப் பொறுக்கல, "குடுத்துருய்யா, செத்துப் போவா"ங்கிறாக. சவரிமுத்து வெரலு மருந்துப் பட்டன் மேல போயிருச்சு.

நான் நெலாவையே பாத்துக்கிட்டு நின்னேன். குடுக்கிறதும் விடுறதும் அவரு பாடு.

வெரல எடுத்துட்டாரு. அடிச்சாரு. மிருகம் விழுந்துச்சு.

கத்தல, கைதட்டல. அவரு பாட்டுக்குப் பட்டன் பொட்டியக் கீழ வச்சிட்டு வேட்டியில கையத் தொடச்சாரு. மொதலாளி குனிஞ்சு நம்பரப் பாத்துட்டு, "பதினொண்ணுதானய்யா லெவலு"ன்னாக, நம்பாம. "அதுக்கு மேல அவளுக்குத் தேவைப்படல மொதலாளி"ன்னாரு.

சேவ் பண்ணட்டுமான்னு கேட்டேன். "வேணாம்க்கா. அடுத்து எடுக்கிறவன் ஒண்ணுல இருந்து எடுக்கட்டும், அவ கொணத்த அவனாக் கண்டுபிடிக்கட்டும்"னு சொல்லிட்டு, முந்தி பண்ணியிருந்த சேவையும் அழிச்சிட்டு, தானே சுவிச்ச அமத்திட்டாரு.

ரெண்டு மாசங் கழிச்சு திருப்பூர்ல இருந்து அவரு கார்டு ஒண்ணு வந்துச்சு, மொதலாளி வாசிச்சுக் காட்டுனாக. பன்னெண்டு வருசம் தறி ஓட்டுன ஆள பனியன் கம்பெனியில ஹெல்ப்பராத்தான் சேத்திருக்காக. கட்டுத் தூக்குறது, கூட்டுறது. தன்னைய விடச் சின்னப் பயலுக ஏய்னு கூப்பிடுறானுகளாம். "அக்கா, இங்க எனக்கு லெவலு ஒண்ணு"ன்னு எழுதியிருந்தாரு.

பதிலு எழுதச் சொன்னேன். என்ன எழுதன்னு மொதலாளி கேட்டாக. நான் வேலையில கத்துக்கிட்டது அது ஒண்ணுதான், அதையே சொன்னேன்: "லெவலத்தான தம்பி அருப்புக்கோட்டையில விட்டுட்டுப் போன. கொணம் ஒங்கூடவே பஸ்ஸு ஏறியிருக்கும், பாரு."