டைமரை அணைக்கச் சொன்னவர்

வெஸ்ட் வின்ட்சரில் ஞாயிறுதோறும் நடக்கும் எங்கள் தமிழ் வகுப்புக்கு ப்ரொஜெக்டர் மாட்டித் தர ஒருவர் வருவார். யாரோ ஒரு பிள்ளையின் அப்பா. எந்தப் பிள்ளை என்று நான் கேட்டதில்லை. சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி, தோளில் சுருட்டிய கேபிள். மாட்டி முடித்ததும் கதவருகே நின்றுகொள்வார். திரையைப் பார்க்க மாட்டார், பிள்ளைகளின் முகங்களையே பார்ப்பார்.

நான் ஆசையாகக் கொண்டுவந்த ஆன்லைன் வினாடி வினாவில் வேகமாக அழுத்துபவர்களுக்கே அதிகப் புள்ளி. வகுப்பே கூச்சலிடும். எனக்கு அதில் பெருமை வேறு.

ஒருநாள் இடைவேளையில் அருகில் வந்தார்.

“டீச்சர், அந்த டைமரை ஆஃப் பண்ணிடலாமா?”

“அப்புறம் கேம்ல என்ன சார் இருக்கு?”

“கடைசி ரோல இருக்கற பொண்ணுக்கு ஆன்சர் தெரியுது. எழுத்துக்கூட்டிப் படிக்கறதுக்குள்ள டைம் முடிஞ்சுடுது. அவ உதட்டைப் பாத்தேன்.”

அவளுக்குத் தமிழ் வராது என்றே நான் முடிவுகட்டியிருந்தேன். டைமரை அணைத்தேன். அவள் பத்துக்குப் பத்து வாங்கினாள். அவருக்கு நான் பட்ட நன்றிக்கடன் இன்னும் தீரவில்லை.

வகுப்பு முடிந்ததும், வாராவாரம் முதலாவதாக வந்துகொண்டிருந்த சிறுமி முகம் சிவக்க அவரிடம் ஓடினாள்.

“வாஸ் இட் யுவர் ஐடியா, அப்பா?”

அவர் கேபிளைச் சுருட்டியபடியே ஆமென்று தலையசைத்தார்.