கால் நாள்

என் ஷெட்டின் ஆபீஸ் அறையில், சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில், முப்பத்திரண்டாம் நம்பர் ரிங் ஸ்பேனர் ஒன்று தொங்குகிறது. ஒரு முனையில் சின்னதாகச் சில்லு பெயர்ந்திருக்கும். என் மகள் அதைப் பழைய இரும்பில் போடச் சொல்கிறாள். அவள் படித்தவள். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் இந்த ஷெட்டில் நாற்பது பேர் வேலை செய்கிறார்கள், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் பெரிய மோட்டார் எதை உட்கார வைப்பதானாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். அது எங்கிருந்து தொடங்கியது என்றால், இந்த ஸ்பேனரை நான் வீசி எறிந்த நாளிலிருந்துதான்.

அப்போது கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் பதினோரு பேர் கொண்ட எங்கள் கூட்டத்துக்கு நான் மேஸ்திரி. மற்ற பத்துப் பேருக்கும் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது, இங்கிலீஷ். அப்படித்தான் எல்லோரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில்தான் என் மச்சான், என் மனைவியின் தம்பி, பெரியபாளையத்தில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு என் பின்னால் வந்தான். உண்மையில் எனக்குத் தெரிந்தது ஓக்கே, லூஸ், டைட், ஹாஃப் டே, ஃபுல் டே. அவ்வளவே.

மேனேஜர் கல்கத்தா பக்கத்துக்காரர். தமிழ் சுத்தமாகத் தெரியாது. மோட்டாரையும் கியர் பெட்டியையும் நேர்கோட்டில் நிறுத்தும் வேலை நடந்த அன்று, காலையில் நான் அவருக்கு ஒரே ஒரு தமிழ்ச் சொல் சொல்லிக்கொடுத்தேன். போல்ட்டைக் கால் சுற்று திருப்பினால் போதும் என்பதற்கு, ‘கால்’. மனிதருக்கு அது பிடித்துவிட்டது. குனிந்து அளவுமுள்ளைப் பார்த்தபடியே நாள் முழுக்க, “மேஸ்திரி, கால்! கால்!” என்று கூவிக்கொண்டிருந்தார். நாங்களும் கால் காலாகத் திருப்பினோம். சாயங்காலம் நாலரை ஆகியும் முள் சரியான கோட்டில் நிற்கவில்லை. அவர் நிமிர்ந்து, கைக்கடிகாரத்தைத் தட்டிச் சொன்னார்: “மேஸ்திரி, கால் இட் எ டே.”

மச்சான் என் பக்கம் திரும்பினான். “இன்னா மாமா சொல்றாரு?”

கால் தெரியும். டே தெரியும். எனக்கென்ன சந்தேகம்? “கால் நாளாம்டா.”

“இன்னாது, கால் நாளா? ஏழு மணிலேர்ந்து குனிஞ்சிக்கினே கீறோம். நீ இங்கிலீஷ்ல கேளு மாமா!”

பத்துப் பேரும் என் வாயையே பார்த்தார்கள். நான் முன்னால் போய், “நோ கால். ஃபுல் டே!” என்றேன். மேனேஜர் விழித்தார். அசதியில் எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, கடிகாரத்தை இன்னும் பலமாகத் தட்டி, “எஸ், எஸ், கால் இட் எ டே!” என்றார். அவர் சத்தம் ஏற ஏற எனக்கும் ஏறியது. கையிலிருந்த ஸ்பேனரை இரும்புத் தரையில் வீசினேன். “நாளைக்கு ஒருத்தனும் வர மாட்டான்யா!” என்று தமிழிலேயே கத்தினேன். பதினோரு குடும்பத்துப் பிழைப்பை ஒரு வார்த்தையில் பணயம் வைத்துவிட்டேன்.

சத்தம் கேட்டு, எங்கள் வருகைக் கணக்கு எழுதும் டைம் ஆபீஸ் அம்மா ஓடிவந்தார். கவரைப்பேட்டைக்காரர், கான்வென்டில் படித்தவர். விஷயத்தைக் கேட்டதும் என்னைத் தூணுக்கு அந்தப் பக்கம் இழுத்துப்போனார்.

“அய்யே, மேஸ்திரி! அது நம்ம கால் இல்ல, இங்கிலீஷ் கால். செஞ்சது எவ்ளோவோ, அத்த ஒரு நாளுன்னு பேர் வச்சிக்கினு ஊட்டுக்குப் போங்கன்னு அர்த்தம். முழு நாள்தான் போடுவாங்க.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்த அம்மா அதற்குள் மேனேஜரிடம் போய் இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இப்போது மேனேஜர் சிரித்தால் நான் முடிந்தேன். மச்சான் முகத்தில் முழிக்க முடியாது. இங்கிலீஷ் தெரியாத மேஸ்திரியின் பேச்சை நாளைக்கு எவன் கேட்பான்?

அவர் சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற பத்துப் பேரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, “ஓக்கே மேஸ்திரி, யூ வின். ஃபுல் டே!” என்று, முழுசு என்பதுபோல் ஐந்து விரலையும் விரித்துக் காட்டி, என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கூட்டம் விசிலடித்தது. நானும் வாதாடி ஜெயித்தவன் போலத்தான் நடந்து வந்தேன். மறுநாள் காலையில் முள் நின்றது. அவர் அங்கே இருந்தவரை தினமும் சாயங்காலம் அதே ‘கால் இட் எ டே’யைச் சொல்லி ஐந்து விரலைக் காட்டுவார். எங்கள் கூட்டத்தில் எனக்கு மட்டும் விளங்கும்.

கால் நாள் வேலைதான் ஆகியிருந்தாலும் அதை ஒரு நாள் என்று அழைக்கிற வார்த்தை அது. நான் அதை நேர் தலைகீழாகக் கேட்டிருக்கிறேன். ஆனால், தனியாகத் தொழில் தொடங்கியபோது அந்தப் பத்துப் பேரும் என்னோடு கிளம்பி வந்ததற்கு அந்தத் தப்பான காதுதான் காரணம்.

போன மாதம் முட்டி வலி தாளாமல் மச்சான் வேலையிலிருந்து நின்றான். கடைசி நாளில் ஷெட்டுப் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, எங்க மாமா இங்கிலீஷ்லயே மேனேஜரை மடக்கினாரு என்று மறுபடி ஆரம்பித்தான். எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்பேனரைக் கழற்றிக்கொண்டு வந்து, எல்லோர் முன்னாலும் நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

மச்சான் முழுக்கக் கேட்டான். பிறகு பிள்ளைகளைப் பார்த்துக் கண்ணடித்தான். “போ மாமா. அந்தாளு தோத்துட்டு கைய விரிச்சத நான் கண்ணால பாத்தவன். ஒனக்கு எப்பலேர்ந்து இந்த அடக்கம்லாம்?”

நாற்பது பேரும் சிரித்தார்கள். ஸ்பேனரை ஆணியில் மாட்டினேன். மணி நாலரை. வாசலில் நின்று, “கால் இட் எ டே” என்று சொல்லி, ஐந்து விரலையும் விரித்துக் காட்டினேன்.