வெயிலில் வைத்த தண்ணீர்

மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீருக்கு ஒரு வாசனை உண்டு. பாதி கசப்பு, பாதி பித்தளை. எழுபதுகளின் தொடக்கத்தில், கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் நெல் விளைந்த எங்கள் ஊரில், அம்மை கண்ட பிள்ளை தேறிவிட்டது என்பதற்கு அந்த வாசனைதான் அத்தாட்சி. அதைத் தலைக்கு ஊற்றினால் "ஆத்தா எறங்கிட்டா" என்று பொருள். ஊற்றும்வரை பிள்ளை வாசற்படி தாண்டக் கூடாது, மருந்து கூடாது, வீட்டில் தாளிப்புகூடக் கூடாது. பின்னாளில் ஒரு மருத்துவமனை அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் படிவங்களோடு குடித்தனம் நடத்தியவள் நான். இத்தனை ஒழுங்காகப் பின்பற்றப்பட்ட விதியை எந்த அரசாணையிலும் கண்டதில்லை.

எனக்கு அப்போது பத்து வயது, தம்பி ஏழுமலைக்கு நாலு. அம்மை போட்ட ஐந்தாம் நாள் அவனுக்கு மூச்சு இரைக்கத் தொடங்கி, விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. ஆசுபத்திரிக்குத் தூக்கிப் போகலாம் என்று அம்மா சொன்னதும், அப்பாவின் அக்கா, என் அத்தை, சிரித்தாள்.

"நாலெழுத்து படிச்சவளாச்சே, ஆத்தாளுக்கே ஊசி போடுவா. அவன் இப்ப உன் புள்ள இல்லடி, ஆத்தா புள்ள."

"அப்போ ஆத்தாவே மூச்சு வுடட்டும்," என்றாள் அம்மா.

அப்பா இருவரையும் பார்க்காமல் மண்வெட்டியை எடுத்தார். "ஏழா நாளு தண்ணி ஊத்தட்டும். அப்பால இட்டுக்கினு போலாம்."

அவர் கழனிக்கும், அத்தை தீர்த்தம் வாங்கப் பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்கும் போனபின், அம்மா இரண்டு நாள் முன்னதாகவே பித்தளைக் குண்டானை முற்றத்தில் வைத்தாள். விதியை மீறாமல், தேதியை மட்டும் மாற்றப் பார்த்தாள். தண்ணீர் சூடேறும்வரை தம்பி தாங்கமாட்டான் என்று தெரிந்தபோது அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, "அப்பா கேட்டா ஊத்தியாச்சின்னு சொல்லு," என்று என்னிடம் சொல்லிவிட்டு, தொழிற்பேட்டையில் மணல் இறக்கித் திரும்பிய லாரியை மறித்து ஏறிப் போய்விட்டாள்.

மதியம் அப்பா வந்தார். காலிப் பாயைப் பார்த்தார்.

"தண்ணி ஊத்துனாளா உங்கம்மா?"

"ஊத்துச்சிப்பா."

நான் கொடுத்த முதல் பொய்ச் சான்று அது. அவர் முற்றத்துக்குப் போனார். குண்டான் விளிம்புவரை நிறைந்திருந்தது; வேப்பிலை மிதந்தது. பிறகு குனிந்து அதைத் தூக்கி, வேப்பமரத்தடியில் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஊற்றிவிட்டுக் கவிழ்த்து வைத்தார். சைக்கிளை எடுத்தார். ஆசுபத்திரியில், டாக்டர் நீட்டிய தாளிலெல்லாம் எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டாராம்.

சாயங்காலம் தீர்த்தச் செம்போடு வந்த அத்தை, கவிழ்ந்த குண்டானைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "போற அவசரத்திலயும் மொறய செஞ்சிட்டுதான் போயிகிறா," என்றாள்.

எட்டு நாள் கழித்துத் தம்பியோடு திரும்பிய அம்மாவிடம் இதை யாரோ சொன்னார்கள். அவள் என்னைத் தனியே இழுத்து, "நீதான் கொட்டுனியாடி? கெட்டிக்காரி," என்று கன்னத்தைத் தடவினாள். வெடிப்புகளில் மஞ்சள் ஏறிய, சொரசொரப்பான கை. மறுத்தால் அந்தத் தடவல் போய்விடுமே என்று பேசாமல் இருந்தேன். அப்பா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவரும் பேசவில்லை.

இப்போது ஒன்பதாம் மாதமே தடுப்பூசி போட்டுவிடுகிறார்கள். வாசலில் வேப்பிலை செருகிய வீட்டைப் பார்த்துப் பல வருடமாகிறது. அது ஒழிந்ததில் எனக்கு வருத்தமில்லை. தம்பிக்குப் பேரன் இருக்கிறான். அம்மா கடைசிவரை, "அன்னிக்கி நீ மட்டும் கொட்டலைன்னா உங்கப்பா ஊட்லயே சேத்திருக்கமாட்டாரு," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பதிவேட்டில் ஒரு எழுத்துப் பிழையையும் விட்டுவைக்காதவள் என்று அலுவலகத்தில் எனக்குப் பெயர். அப்பாவின் பெயரில் இருக்கவேண்டிய ஒரு வரியை மட்டும் ஐம்பது வருடமாக என் பெயரில் வைத்திருக்கிறேன். திருத்திவிடலாம் என்றால், கேட்டுக்கொள்ள இரண்டு பேருமே இல்லை.